வட்டத்துக்குள் இருப்பவர்

விஜய்பாண்டிக்கு சைனஸ் இருந்தது. எனக்கு இல்லை. எங்கள் இருவருக்கும் இடையிலான வித்தியாசம் அவ்வளவுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

அவன் வாயைத் திறந்தால் மூக்கும் தொண்டையும் ஒன்றாக அடைத்துக்கொண்ட ஒரு குரல் வரும். பாடுகிறவன் நேற்றெல்லாம் அழுதிருக்கிறான் என்று முதல் வரியிலேயே ஊர் முடிவு செய்துவிடும். என் மூக்கு சுத்தமானது. எவ்வளவு உருகிப் பாடினாலும் வானொலியில் காய்கறி விலை சொல்வது போலத்தான் கேட்கும்.

தேனியில் ஒரே கல்லூரி, பி.காம். மூன்றாம் வருடம், ஒரே பெஞ்சு. முத்துராஜா அண்ணனின் ஒப்பாரிக் குழுவிலும் ஒரே நாளில்தான் சேர்ந்தோம். சாவு வீட்டில் மைக் பிடித்து, இறந்தவர் பேரையும் பெருமையையும் கோத்து அழுகைப் பாட்டுப் பாடுவது எங்கள் தொழில். முத்துராஜா அண்ணன் கீபோர்டு. விஜய்பாண்டி பாட்டு. நான் துணைப்பாட்டு. அதாவது அவன் "போயிட்டீகளே" என்று முடித்ததும் நானும் "போயிட்டீகளே" என்று சொல்ல வேண்டும். இரண்டு வருடத்தில் நான் சொந்தமாக ஒருவரைக்கூட அனுப்பி வைத்ததில்லை.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் அவன் பாடி முடித்தால் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது ஓர் அத்தை தோசை ஊற்றிக்கொண்டு வந்துவிடுவார். "இந்தப் புள்ள காலைலருந்து தொண்ட கிழியக் கத்துது. சாப்பிடுய்யா." நான் அருகில் நின்றால் எனக்கும் ஒன்று கிடைக்கும். சட்னி அவன் தட்டில் இருக்கும். எங்கள் வகுப்பு அனுசுயா, அவன் பாடிய ஒப்பாரி ஒன்றை மூன்று நாள் ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். யாருடைய சாவு என்றுகூட அவளுக்குத் தெரியாது. அந்த வீடியோவில் நான் இருக்கிறேன். என் முழங்கை இருக்கிறது.

இந்த நிலைமையில்தான் ஒரு திங்கட்கிழமை முத்துராஜா அண்ணன் சொன்னார்:

"விசிட்டிங் கார்டு அடிக்கப் போறேன்டா. ஒரு போட்டோதான் பெருசா வரும். இந்த வாரம் எவன் நல்லா அழ வைக்கிறானோ, அவன் மூஞ்சி."

"நான் பாடவே இல்லையேண்ணே."

"அப்ப அவன் மூஞ்சி."

விஜய்பாண்டி என் தோளில் கை போட்டு, "உன் போட்டோவே போடச் சொல்லு மச்சான், எனக்கு என்ன இருக்கு" என்றான். அவனிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான். மனதாரச் சொல்வான்.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு சாவு விழுந்தது. ஒன்று ஜெயமங்கலத்தில். தொண்ணூற்றிரண்டு வயதுப் பாட்டி, ஐந்து மகன்கள், பந்தலுக்கு ஏ.சி. காற்றாடி. இன்னொன்று குச்சனூர் தாண்டி ஒரு சின்ன ஊரில். ஜெயமங்கலம் விஜய்பாண்டிக்குப் போனது. சாவிலும் அவனுக்கு நல்லதாகவே அமைந்தது. சின்ன ஊர் எனக்கு. "ஒன்னத் தனியா அனுப்ப முடியாது" என்று முத்துராஜா அண்ணன் என்னோடு வந்தார்.

இரண்டு வீட்டுக்காரர்களும் முதலில் விஜய்பாண்டிக்குத்தான் போன் செய்திருக்கிறார்கள். ஆகவே என் சாவின் விவரமும் அவனிடம்தான் இருந்தது. வழக்கம் இதுதான்: பாடுகிறவன் முன்கூட்டியே இறந்தவர் பேர், பெண்டாட்டி பேர், செய்த நல்லது, சொல்லக்கூடாத கெட்டது எல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்வான். வண்டி வீரபாண்டியைத் தாண்டும்போது என் போன் அதிர்ந்தது. விஜய்பாண்டியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். மூன்று நிமிடம் நாற்பது விநாடி.

நான் அதைத் திறக்கவில்லை. அவன் குறிப்பை வைத்துப் பாடினால், அது அவன் மூக்கால் நான் பாடியது போலாகிவிடும்.

"விவரம் வந்துருச்சாடா?" என்றார் முத்துராஜா அண்ணன்.

"வந்துருச்சுண்ணே."

பொய்யில்லை. வந்திருந்தது.

தெரு முனையில் இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'கண்ணீர் அஞ்சலி' என்று சிவப்பு எழுத்து. நடுவில் ஆறடிக்கு ஒரு மனிதர். வெள்ளைச் சட்டை, கரிய முடி, தங்கச் சங்கிலி போட்ட மணிக்கட்டு, கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். ஊரிடம் விடைபெறுகிறார் என்று புரிந்துகொண்டேன். காலடியில் கொட்டை எழுத்தில் 'கர்ணன்'. அதற்குக் கீழே ஏதோ பொடி எழுத்து. அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் அதை மறைத்தன. மேலே இடது மூலையில் ஒரு சின்ன வட்டம் இருந்தது. அதன் மேல் முருங்கைக் கிளை ஒன்று விழுந்து கிடந்தது. குலதெய்வமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆளுக்கு நாற்பத்தைந்து வயதுகூட இருக்காது. இளவயதுச் சாவு. என் அதிர்ஷ்டத்தை என்னால் நம்ப முடியவில்லை.

முத்துராஜா அண்ணன் ஸ்பீக்கரை இறக்க, நான் எதிர்த்த டீக்கடைக்குப் போனேன்.

"அண்ணே, ஃப்ளெக்ஸ்ல இருக்காகளே, கர்ணன் ஐயா. எப்படிப்பட்டவுக?"

"கர்ணனா? தங்கமான மனுசன்யா" என்றார் கடைக்காரர், டீயை ஆற்றிக்கொண்டே. "வண்டன்மேட்டுல ஏலத்தோட்டம். பள்ளிக்கூடத் தெருவுக்கு போர் போட்டுக் குடுத்தாரு. வார்டுக்கு ரெண்டு தடவ நின்னாரு. ரெண்டாவது தடவ நாலே நாலு ஓட்டுல போச்சு. அதப் பேசுனா இப்பவும் கண்ணு கலங்கிருவாரு."

ஆள் போன துக்கத்தில், இருப்பவராகவே நினைத்துப் பேசுகிறார். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

"வீட்ல?"

"சொர்ணலதா. போன மாசந்தான் பத்துப் பவுன்ல தாலிச்செயினு மாத்துனாக. பாவம், நல்ல பொம்பள."

'பத்துப் பவுன்' என்று உள்ளங்கையில் எழுதி அடிக்கோடிட்டேன். இப்படி ஒரு விவரம் விஜய்பாண்டிக்குக் கூடக் கிடைத்ததில்லை.

பந்தலுக்குத் திரும்பியதும் ஒருவர் வேகமாக வந்தார். இறந்தவரின் தங்கை மகன், பேர் தங்கபாண்டி. கண்கள் சிவந்திருந்தன.

"தம்பி, நீங்கதான் பாடுறவுகளா? எங்க அத்த காலைலருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. கல்லு கணக்கா உக்காந்திருக்கு. அழுகாட்டி நெஞ்ச அடச்சிரும்னு டாக்டரே சொல்லிட்டாரு. எப்படியாவது அழ வச்சிருங்க."

அங்கே பார்த்தேன். குளிர்பெட்டியைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். தலைமாட்டில் ஒரு வயதான அம்மா, எதையும் பார்க்காத கண்களோடு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. பத்துப் பவுனைப் பத்திரமாகக் கழற்றி வைத்திருப்பார்கள். புருஷனைவிட மூப்பாகத் தெரிந்தார். துக்கம் ஒரே நாளில் அப்படிச் செய்யும்.

மைக்கைப் பிடித்தேன். இந்த அம்மா அழுதால் கார்டு எனக்கு. அழாவிட்டால் ஆயுளுக்கும் "போயிட்டீகளே". எக்கோவைக் கூட்டி வைத்து ஆரம்பித்தேன்:

"ஏலந்தான் காச்சிருக்க
எடுக்க ஒரு ஆளில்லையே
வண்டன்மேட்டு மஞ்சுக்குள்ள
வழிமறந்து போனீகளோ!
கர்ணமகராசா,
கண்ண மூடிப் போயிட்டீகளே!"

பந்தலில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. நான் அதைப் பாட்டின் வலிமை என்று எடுத்துக்கொண்டேன். முன்வரிசையில், தலையில் துண்டு போட்டிருந்த ஒரு பெரியவர் விருட்டென்று நிமிர்ந்தார். மூன்று நாள் நரைத் தாடி. அவர் வாய் திறந்தபடியே இருந்தது.

முத்துராஜா அண்ணன் காதில் தங்கபாண்டி ஏதோ சொன்னார். முத்துராஜா அண்ணன் கீபோர்டிலிருந்து ஒரு கையை எடுத்து என்னைப் பார்த்து வேகமாக ஆட்டினார். உருக்கம் போதவில்லை என்கிறார். நானும் அதைத்தான் நினைத்தேன். அடுத்ததை எடுத்துவிட்டேன்:

"நாலு ஓட்டுக் கொறஞ்சதுன்னு
நாளெல்லாம் கலங்குனீக
இன்னைக்கு நாலு பேரு தோள்குடுக்க
நாங்க அழப் போறீகளோ!"

துண்டு போட்ட பெரியவர் உடைந்து போனார். தோள் குலுங்கக் குலுங்க, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விக்கினார். விஜய்பாண்டியின் பாட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை இப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. தங்கபாண்டி என்னை நோக்கி ஓடி வந்தார். பெரியவர் எட்டி அவர் வேட்டியைப் பிடித்தார்.

"விடுறா மாப்ள. பாடட்டும்."

"மாமா, அவன் உங்களுக்குப்..."

"தெரியும்டா! காலைலருந்து அண்ணன் புராணமாத்தான கேட்டுக்கிட்டு இருக்கேன். எனக்கும் ரெண்டு வரி வரட்டுமே."

இந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. மூளைக்குப் போகவில்லை. நான் அப்போது கடைசி ஆயுதத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். தலைமாட்டில் இருந்த அம்மாவைப் பார்த்து, கையை நீட்டி, குரலை மூக்குப் பக்கமாகத் திருப்பிப் பாடினேன்:

"சொர்ணலதா அக்கா,
பத்துப் பவுனு தாலிச்செயின
பாத்துப் பாத்து மாத்துனியே
மாத்தி ஒரு மாசமில்ல
மஞ்சக்கயிறு நிலைக்கலையே!"

பெண்கள் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு சத்தம். தடித்த செயின் போட்ட வேறு ஓர் அம்மா எழுந்து, அந்தச் செயினை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"ஏலே! எம் புருசன் இந்தா சேர்ல உக்காந்திருக்காருலே!"

"நிறுத்துலே!"

இது தலைமாட்டு அம்மா. காலையிலிருந்து வாயைத் திறக்காதவர். மைக் இல்லாமலே மைக்கில் பேசியது போல இருந்தது. கீபோர்டு நின்றது.

"யாருக்குலே பாடுற?"

"கர்ணன் ஐயாவுக்கு ஆத்தா."

முன்வரிசையில் இருந்த பெரியவர், வகுப்பில் அட்டெண்டன்ஸுக்குத் தூக்குவது போல ஒரு கையைத் தூக்கினார். துண்டு நழுவியது. முடியைக் கறுப்பாக்கி, இருபது வருடத்தைக் கழித்தால், ஃப்ளெக்ஸில் நின்றவர்.

மைக்கைக் கீழே இறக்கினேன். அதற்குப் பிறகு பேசியதெல்லாம் அந்த அம்மாதான். பேர் மொக்கம்மாள் என்பதும், இறந்தவர் அவர் கணவர் அழகர் என்பதும், கர்ணன் அழகரின் சித்தப்பா மகன் என்பதும் அந்தப் பேச்சிலிருந்தே எனக்குத் தெரிந்தது.

"பத்துப் பவுனோட குத்துக்கல்லாட்டம் இருக்கவளுக்கு ஒப்பாரி! கயித்த எறக்கப் போறவளுக்கு ஒரு வரி இல்ல!"

"அக்கா, நான் என்ன செஞ்சேன்? நானே செயினத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருக்கேன்..." என்றார் சொர்ணலதா.

"நீ பேசாத! நான் வந்த மறுவருசம் நீ வந்த. நான் ஒரு பசு வாங்குனா நீ ரெண்டு வாங்குன. நான் மாடி எடுத்தா நீ மாடிக்கு மேல மாடி எடுத்த. இன்னைக்கு எம் புருசன் செத்தாரு. அதுலயும் பங்குக்கு வந்துட்டியேடி!"

"மதினி, பையன் தெரியாமப் பாடிட்டான்..." என்று எழுந்தார் கர்ணன், கண்ணைத் துடைத்தபடி.

"நீங்க எதுக்கு அழுதீக கொழுந்தனாரே? ஒங்க அண்ணனுக்கா அழுதீக? நாலு ஓட்டுக்கு அழுதீக! போர் போட்டாகளாம் போரு. மூணு தடவ மோட்டாரு எரிஞ்சு போச்சு. மூணு தடவையும் அதக் கயிறு கட்டி மேல தூக்குனது யாரு? தொட்டியில பேரு ஒங்களுது. தோள்பட்ட எறங்கிப்போய்க் கெடந்தது எம் மனுசன்!"

சொல்லிவிட்டுக் குளிர்பெட்டியின் பக்கம் திரும்பினார். கண்ணாடியின் மேல் கையை வைத்தார்.

"கேட்டீகளாய்யா? ஒங்க சாவுலயும் அவுக பேரத்தான் எழுதுறாக. ஏந்திரிச்சு ஒரு வார்த்த கேக்க மாட்டீகளாய்யா..."

அவ்வளவுதான். உடைந்தது. காலையிலிருந்து சேர்ந்ததெல்லாம் ஒரே சமயத்தில் வந்தது. அப்படியே ராகமாக மாறியது. மோட்டாரும் தோள்பட்டையும் அழகர் போட்ட திராட்சைப் பந்தலும் அவருக்கென்று ஒருநாளும் பெரிதாக எடுக்காத போட்டோவும் வரிசையாக வந்தன. ஒவ்வொரு வரிக்கும் ஒரு கண் சொர்ணலதாவின் செயின் மேல் இருந்தது. பந்தல் முழுவதும் அழுதது. சொர்ணலதாவும் போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார். மொக்கம்மாள் அவரைத் தள்ளவில்லை. செயின் உறுத்தியதால் சற்று ஒதுக்கிவிட்டுக் கட்டிக்கொண்டார்.

முத்துராஜா அண்ணன் என் கையிலிருந்த மைக்கை எடுத்து மொக்கம்மாள் முன்னால் வைத்துவிட்டு, கீபோர்டை அவர் சுருதிக்கு மாற்றினார். என்னைவிடச் சுத்தமான சுருதி. அவர் முதல் அடியை முடித்து மூச்செடுத்தபோது, வேறு வழியில்லாமல் நான் சொன்னேன்:

"போயிட்டீகளே."

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது கர்ணன் என்னிடம் வந்தார். அடிப்பதற்கு என்று நினைத்து ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"தம்பி, அந்த நாலு ஓட்டு வரிய எழுதிக் குடுக்க முடியுமா?"

எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"எனக்குன்னு வரும்போது நீதான் வரணும். அண்ணன் குடும்பம் வேற பையனத்தான் கேட்டாகளாம். எனக்கு அவன் வேண்டாம். ஒன் நம்பரச் சொல்லு."

வண்டி குச்சனூரைத் தொட்டது. முத்துராஜா அண்ணன் ஆரம்பித்தார்:

"தப்பான ஆளுக்குப் பாடுன."

"ஆமாண்ணே."

"செத்தவரு சம்சாரம் அழுதாகளா?"

"அழுதாகண்ணே."

"சாகாதவரும் அழுதாருல்ல? விஜய்பாண்டி ஒரு நேரத்துல ஒரு குடும்பத்தத்தான் அழ வைப்பான்." கொஞ்ச தூரம் யோசித்தார். "ஒன் மூஞ்சியே இருக்கட்டும். ஆனா அவனையும் ஓரமாப் போட்டுக்க. அவனக் கேட்டுத்தான் ஆள் வாராக."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அப்போதுதான் அந்த வாய்ஸ் மெசேஜைத் திறந்தேன். அடைத்த மூக்கோடு விஜய்பாண்டி முதலில் சொன்னதே இதுதான்: "மச்சான், ஃப்ளெக்ஸப் பாத்து ஏமாந்துறாத. பெருசா நிக்கிறவரு காசு குடுத்தவரு, உசுரோட இருக்காரு. மேல ஓரத்துல வட்டத்துக்குள்ள இருக்கவருதான் செத்தவரு. கலக்கிரு மச்சான்."

அதன்பின் மூன்று நிமிடமும் அழகரைப் பற்றி. மோட்டார் விஷயம்கூட இருந்தது.

கார்டு வேலையை நானே எடுத்துக்கொண்டேன். வெள்ளைச் சட்டை போட்டு, முடியை வாரி, கையெடுத்துக் கும்பிட்டபடி முழு உயரத்துக்கு ஒரு படம். எடுத்துக் கொடுத்தது விஜய்பாண்டி. "தாடைய லேசாத் தூக்குடா, கம்பீரமா இருக்கும்" என்றான். இருந்தது.

அச்சகத்துக்காரர் கேட்டார்: "அந்தத் தம்பிய எங்கன போடட்டும்?"

"மேல, ஓரத்துல. சின்னதா."

"வட்டத்துல போடவா?"

"வட்டத்துலயே போடுங்க. அஞ்சு ரூவாக் காசு அளவுக்கு வந்தாப் போதும்."

தொழில் ஒப்பாரி என்றதும் அவர் கம்ப்யூட்டரில் தயாராக இருந்த ஒரு டிசைனைத் திறந்தார். வட்டத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு குத்துவிளக்கு தானாகவே வந்தது. பின்னால் ஒளிக்கதிர்கள். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. அஞ்சு ரூபாய்க் காசுக்கு விளக்கு எதற்கு? ஆனால் என் படம் அதைவிட எட்டு மடங்கு பெரியது என்பதால் விட்டுவிட்டேன்.

மறுநாள் மதியம் ஒன்றரை மணிக்குக் கார்டை ஸ்டேட்டஸில் வைத்தேன். எழுத்து எதுவும் சேர்க்கவில்லை. படமே பேசட்டும் என்று நினைத்தேன்.

ஒன்று நாற்பதுக்கு அனுசுயா கூப்பிட்டாள். மூன்று வருடத்தில் அவள் எனக்குச் செய்த முதல் போன்.

"சுரேஷ்கண்ணா..." அழுதுகொண்டிருந்தாள். "எப்படிடா ஆச்சு? நேத்துக்கூட கேண்டீன்ல பேசுனானேடா!"

"யாரு?"

"விஜய்பாண்டி!"

நான் பதில் சொல்வதற்குள் அழுகையில் போனை வைத்துவிட்டாள். அடுத்து கர்ணன்.

"தம்பி, வட்டத்துக்குள்ள இருக்கது அந்த இன்னொரு பையனா? சின்ன வயசாச்சேப்பா. அவன வேண்டாம்னு வேற சொல்லிட்டேனே!"

மூன்றாவதாக விஜய்பாண்டி.

"மச்சான், நான் போயிட்டேனாம்டா!" மூச்சு முட்டச் சிரித்தான். "வாசல்ல நாப்பது பேரு. ஒருத்தர் மாலையோட வந்துட்டாரு, திருப்பிக் குடுத்தா வாங்க மாட்டேங்கிறாரு. எங்கம்மா டீ போட்டே ஓஞ்சுபோச்சு. வாடா." பிறகு, "கார்டுல ஒன் போட்டோ சூப்பரா இருக்கு மச்சான்" என்றான். மனதாரத்தான் சொன்னான்.

போனேன். முற்றத்தில் அந்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் அத்தைமார்கள், கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்துக்கொண்டிருந்தார்கள். அவன் பாடி அழ வைத்த ஐந்தாறு ஊர்க்காரர்கள் வந்திருந்தார்கள். மொக்கம்மாள்கூடத் தங்கபாண்டியின் பைக்கில் வந்து இறங்கி, "நல்லவேள ராசா" என்று அவன் தலையைத் தடவினார். அவர் வீட்டுச் சாவுக்குப் பாடியவன் நான். அனுசுயா ஒரு பக்கம் நின்று, அழுகையும் சிரிப்புமாக அவனுக்கு இட்லி எடுத்து வைத்தாள்.

பலகைக்கல் போட்டு மூடியிருந்த தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து, ஸ்டேட்டஸுக்கு வந்த பதில்களை எண்ணினேன். நூற்றுப் பதினேழு. நூற்றுப் பதினாறில் கைகூப்பிய படமும் அழுகிற முகமும். எல்லாம் அவனுக்கு.

என்னைப் பற்றி வந்தது ஒன்றே ஒன்று. தெரியாத நம்பர்.

"பெருசாக் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறது யாரு? செலவு அவரா?"